வெள்ளையம்மாவின் நிறை

நாய் வளர்ப்பார் உளர். கிளி வளர்ப்பார் உளர். பொன்மீன்களைக் கண்ணாடித் தொட்டியிலே நீந்தவிட்டு, வருவோர்க்குக் காட்டி மகிழ்வாரும் உளர். எமது இல்லத்திலோ ஒரு தவளை வளர்கின்றது. இதனைக் கேட்டு முகஞ் சுளிக்காத உறவினர் எவரையும் நாம் இன்னும் காணவில்லை. "மாரியிலை சும்மா கிடந்து கத்திற சாமானைக் காசு குடுத்து வாங்கினீங்களோ?" என்று எமது மாமியார் கேட்டபோது, விலங்கியற் பட்டதாரியாகிய எமக்கும் உடனே விடையிறுக்க இயலவில்லை.

நடந்தது இதுதான். பண்டாரவளையிலே ஆசிரியத் தொழில் புரியும் நாம், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு மீன் வாங்கக் கடைக்குச் சென்றோம். அங்கே மீன்களுக்கு நடுவே, வெண்ணிற மேனியும் சிவந்த கண்களுங் கொண்ட சிறு தவளையொன்று, கைகளிரண்டையும் விரித்தபடி நீரிலே மிதந்துகொண்டிருந்தது. மகளின் கண் அதைவிட்டு அகலவில்லை. வெள்ளையன் என்ற பெயரும் கடையிலேயே சூட்டப்பட்டது. ஓராண்டு கழிந்தபின், பின்கால்களுக்கிடையே பெண் தவளைக்குரிய சிறு மடல்கள் தோன்றவே, வெள்ளையன் வெள்ளையம்மா ஆனான்.

இது எமது வயல்வெளித் தவளையன்று. ஆபிரிக்காவின் தென்பகுதிக்குரிய நகத்தவளை. வாழ்நாளெல்லாம் நீருக்குள்ளேயே கழிப்பது. மூச்செடுப்பதற்கு மட்டும் மேலே வருவது. நாக்கு இல்லாமையால், முன்கைகளால் உணவை வாய்க்குள் திணித்துக்கொள்ளும். பின்கால் ஒவ்வொன்றிலும் மூன்று விரல்களுக்குக் கறுத்த நகங்கள் உண்டு. உடலின் இருமருங்கும் தையலிட்டதுபோல் ஓடும் உணர்வுறுப்புக்களால், நீரின் சிறு அசைவையும் அறிந்துகொள்ளும். ஏறத்தாழ 16 முதல் 22 பாகை செல்சியஸ் வரையுள்ள குளிர்ந்த நீரே இதற்கு உகந்தது. பண்டாரவளையின் குளிர் எமக்கு மூட்டுவலியைத் தந்தாலும் வெள்ளையம்மாவுக்கு வாழ்வு தந்தது.

இத்தவளைக்கு மானிடர் பட்டுள்ள கடனுஞ் சிறிதன்று. 1930களிலிருந்து 1960கள் வரை, ஒரு பெண் கருவுற்றிருக்கின்றாளா என்பதை அறிவதற்கு, அவளது சிறுநீரை இத்தவளைக்கு ஊசிமூலம் ஏற்றும் வழக்கம் உலகின் பல நாடுகளில் இருந்தது. அவள் கருவுற்றிருப்பின், தவளை ஒரு நாளுக்குள் முட்டையிட்டுவிடும். கேப்டவுனில் லான்சலொட் ஹொக்பன் என்ற அறிஞர் நடத்திய ஆய்விலிருந்து பிறந்த முறை அது. பின்னர் ஜோன் கேர்டன் இதே தவளையைக் கொண்டு செய்த ஆய்வுகளுக்காக, 2012ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவற்றையெல்லாம் வகுப்பிலே சொல்வது எளிது. வீட்டிலே ஒரு தவளையை நலமாக வைத்திருப்பது வேறு காரியம். நாய்க்குச் சுகமில்லையென்றால் முனகும். கிளி இறகு சிலிர்த்து ஒடுங்கும். தவளை எதுவுஞ் சொல்வதில்லை. ஆகவே, வாரந்தோறும் அதன் நிறையைக் குறித்து வைப்பதென்று நாமும் மகளும் தீர்மானித்தோம்.

முறை இதுவே. சனிக்கிழமை காலை, தீன் போடுவதற்கு முன், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியொன்றில் தொட்டி நீரைக் கால்வாசிக்கு எடுத்துச் சமையலறை மின்தராசில் வைத்து, அளவைச் சுழியாக்கிக்கொள்வோம். பின்பு தவளையை மெல்லிய வலையினால் ஏந்திப் பெட்டியில் விட்டு உடனே மூடிவிட வேண்டும். சிறிது தாமதித்தாலும் அது அடுப்படி வரைக்கும் பாய்ந்துவிடும். பருங்கண் வலையாயின் நகங்கள் சிக்கிக் காயமுண்டாகும். கையாற் பிடிக்க நேரின், சவர்க்காரம் படாத ஈரக் கையாகவே இருத்தல் வேண்டும். தவளையின் தோல் வெறும் போர்வையன்று. அதனூடாகவே அது நீரைப் பெறுகின்றது, ஓரளவு மூச்சும் விடுகின்றது.

நிறையோடு நீளத்தையும் அளப்போம். நீளமறியாத நிறை பாதி வார்த்தையே. மேலிருந்து நோக்கினால், நலமுள்ள பெண் தவளை பேரிக்காய் வடிவாகத் தோன்றும். இடுப்பெலும்பு துருத்தினால் மெலிவு. கைகளின் அடியில் சதை பிதுங்கினால் மிகைத்தீன். வளர்ந்த தவளைக்கு வாரத்தில் மூன்று நாள் தீன் போதுமானது. ஆயின், ஒவ்வொரு முறை நாம் அருகே செல்லும்போதும் பட்டினி கிடந்ததுபோற் கண்ணாடியில் முட்டி வரவேற்கும் உயிருக்கு அந்தக் கணக்கை எவர் உணர்த்துவது?

இவ்வாறு நாலாண்டுகள் ஒழுங்காகக் கழிந்தன. கொப்பியின் பக்கங்களில் 68, 70, 71, 72 என இலக்கங்கள் மெல்ல ஏறி, 72 கிராமில் நிலைகொண்டன. அதன் பின்னரே எமது பிழை நேர்ந்தது.

பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணிக்காக நாம் இரு வாரங்கள் கொழும்பிலே தங்க நேரிட்டது. தவளையின் பொறுப்பு மகளுடையதாயிற்று. முதற் சனிக்கிழமை தொலைபேசியில் அழைத்து, "79 கிராம், அப்பா" என்றாள். மகிழ்ந்து பாராட்டினோம். அடுத்த சனிக்கிழமை அவளது குரல் தாழ்ந்திருந்தது.

"அப்பா, அவள் வடிவாய்ச் சாப்பிடுறாள் இல்லை. ஒரு மூலையிலேயே கிடக்கிறாள்."

"நிறை எவ்வளவு?"

"91."

"நிறை கூடித்தானே இருக்கு, பிறகென்ன பயம்? நீ உன்ரை படிப்பைப் பார்."

அன்றைய பொழுதுக்குள் முடிக்கவேண்டிய விடைத்தாள்கள் எம் முன்னே குவிந்திருந்தன. அவள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், நாம் அதைக் கேளாமல் விடைபெற்றதும் இன்றும் நினைவிலிருக்கின்றன.

வீடு திரும்பியபோது, மாமியார் வாயிலிலேயே நின்று, "உங்கடை தவளை நல்லாய்த் தேறீட்டுது" என்றார். தொட்டியருகே சென்று பார்த்தோம். தேறியிருக்கவில்லை, ஊதியிருந்தது. பேரிக்காய் வடிவம் மறைந்து, தொடையும் கழுத்தும் ஒன்றாகி, தோல் இறுகி மினுங்கியது. கீழே செல்ல முயன்றும் இயலாமல், மேலெழுந்து மிதந்தது. தராசு 94 கிராம் காட்டியது.

உண்ணாத உயிரின் நிறை எவ்வாறு கூடும்? அந்தக் கேள்வி எமக்குத் தொலைபேசியிலேயே எழுந்திருக்க வேண்டும். பிரசாரணம் என்ற பாடத்தை ஆண்டுதோறுங் கரும்பலகையில் விளக்கும் நாமே அதை மறந்தோம். நன்னீரிலே வாழும் தவளையின் உடலுக்குள் தோலினூடே இடையறாது நீர் புகுந்துகொண்டேயிருக்கும். அந்நீரைச் சிறுநீரகங்கள் ஓயாது வெளியேற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். நோயினால் அந்த வேலை தடைப்படின், புகுந்த நீர் தோலுக்கடியிலும் வயிற்றிலும் தேங்கும். கொழுப்பினால் ஏறும் நிறை மாதக் கணக்கில் ஏறும். நீரினால் ஏறும் நிறையோ நாட்கணக்கில் ஏறிவிடும். கொப்பியிலிருந்த இலக்கங்கள் இதனைத் தெளிவாகவே சொல்லியிருந்தன. அவற்றைப் படித்தவர்தான் பிழையாகப் படித்தார்.

கால்நடை வைத்தியர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். மாடுகளுக்கும் நாய்களுக்குமிடையே தவளையைக் கண்டு அவர் சிரிக்கவில்லை. மகளின் கொப்பியை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதுதான் எனக்கு வேணும்" என்றார். மெல்லிய ஊசியினால் இரண்டு முறை நீர் அகற்றப்பட்டது. மருந்தும் கொடுத்து, அவரே அளந்து சொன்ன உப்பு நீரில் சில நாட்கள் வைத்திருக்கச் செய்தார். உப்பு கலந்த நீராயின், உடலுக்குள் நீர் புகும் வேகம் குறையும். நோய்க்குக் காரணம் இன்னதுதான் என்று அவர் உறுதியாகச் சொல்லவில்லை. பற்றீரியாவாக இருக்கலாம், சிறுநீரகக் கோளாறாகவும் இருக்கலாம் என்றார்.

நீர் நீங்கியபின் நிறுத்துப் பார்த்தபோதுதான் எமது நெஞ்சு உண்மையில் அதிர்ந்தது. தராசு 66 கிராம் என்றது. 72 இலிருந்து 94க்கு ஏறியதாக நாம் எண்ணிய அந்நாட்களில், வெள்ளையம்மா உள்ளே மெலிந்துகொண்டிருந்தாள். ஏற்றத்தின் உள்ளே ஓர் இறக்கம் ஒளிந்திருந்தது.

பல வாரங்களுக்குப் பின்பே அவள் மீண்டும் தீன் தேடிக் கண்ணாடியை முட்டினாள். 67, 69, 70 என்று இலக்கங்கள் மெல்லத் திரும்பின. அந்நோய் மறுபடியும் வரக்கூடியதென வைத்தியர் எச்சரித்திருந்தார். அடுத்த ஆண்டில் வரவுஞ் செய்தது. இம்முறை நாலு கிராம் ஏறியபோதே மகள் கண்டுகொண்டாள். எமது அனுமதியை எதிர்பாராமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாயுடன் வைத்தியரிடம் சென்றுவிட்டாள்.

தவளை வளர்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். இவ்வினம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. சலித்துப்போயிற்றென்று ஓடையிலோ குளத்திலோ விட்டுவிடுதல் பெருந்தவறு. எமது தீவிலே நூற்றுக்கு மேற்பட்ட தவளையினங்கள் உண்டு. அவற்றுட் பல வேறெங்கும் இல்லாதவை. தவளைகளைக் கொல்லும் தோற்பூஞ்சண நோயை நகத்தவளை தான் வாடாமலே சுமந்து பரப்பக்கூடும். ஆதலால், தொட்டியிலிருந்து அகற்றும் நீரையும் நாம் ஓடைப்பக்கம் ஊற்றுவதில்லை.

முதல் நோய் தீர்ந்த வாரத்தில், ஒரு மாலை, மேசையிற் கிடந்த கொப்பியை எடுத்துப் பார்த்தோம். நாள், நிறை, நீளம் என்ற மூன்று நிரல்களுக்கு அப்பால், அடிமட்டம் வைத்து நாலாவது நிரலொன்றை மகள் கோடிட்டிருந்தாள். தலைப்பு: "சாப்பிட்டாளா?" எம்மீது குற்றஞ் சொல்லும் ஒரு வார்த்தையும் அவள் அன்றும் பேசவில்லை, பின்னரும் பேசவில்லை. அந்த நிரலே போதுமானதாயிருந்தது.

இப்பொழுது அவளே உயர்தர வகுப்பை எட்டும் வயதில் இருக்கின்றாள். பரீட்சைப் புள்ளிகளைச் சொல்ல வரும்போது, அவற்றைக் கேட்டு முடித்தபின், இரவில் நன்றாக உறங்குகின்றாயா என்று இன்னொன்றையுங் கேட்கப் பழகிக்கொண்டோம். சென்ற சனிக்கிழமை வெள்ளையம்மாவின் நிறை 73 கிராம். நாலாவது நிரலில், "சாப்பிட்டாள், இன்னுங் கேட்டாள்" என்று எழுதியிருந்தது.