தரவு கொடுத்தவர் படிக்க வேண்டாமா?

பெங்களூருவின் பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளில் கள ஆய்வு செய்யும் நாங்கள் ஒரு கேள்வியைத் தட்டிக்கழித்தே வருகிறோம்: தையல் கூடத்தில் தரவு திரட்டி எழுதிய கட்டுரையை அந்தக் கூடத்துக்காரர்கள் படிக்க முடிகிறதா? பெங்களூருச் சுற்றுவட்டார ஆடை ஆலைகளில் அச்யுத அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நிஷாதம் மூவரும் செய்த ஆய்வுகளைப் பாருங்கள். எல்.இ.டி. விளக்குக்கு மாறினால் கூடத்தில் வெக்கை தணிகிறது, வெயில் நாட்களில் உற்பத்தி கூடுகிறது. சராசரியாக ஓர் ஆலைக்கு மின்சாரத்தில் மிச்சம் சுமார் 2,880 டாலர். உற்பத்தி உயர்வால் வந்த லாபமோ சுமார் 7,500 டாலர். இன்னோர் ஆய்வில், தையல் வேலை செய்யும் பெண்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை போன்றவற்றில் பயிற்சி கொடுத்தார்கள். உற்பத்தித்திறன் நன்றாகவே உயர்ந்தது. கூலி உயர்ந்தது ஏறக்குறைய அரை சதவீதம். முதல் கணக்கு விளக்கு மாற்றத் தயங்கும் சிறு முதலாளிக்கு வேண்டியது. இரண்டாவது, கூலி பேசப் போகும் சங்கத்துக்கு. முன்வரைவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. திருத்தி அச்சான வடிவத்துக்குத்தான் இதழ் காசு கேட்கிறது.

ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இதைத் தீர்த்துவிட்டது என்பார்கள். மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், ஏறத்தாழ 13,000 இதழ்கள்: சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தக் கதவு அரசுக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும்தான் திறக்கிறது. தொழிற்சங்க அலுவலகத்துக்கோ லேத் பட்டறைக்கோ அல்ல. தொழிலாளி ஆங்கிலக் கட்டுரை படிப்பாரா என்று கேட்பவர்களும் உண்டு. எல்லாரும் படிக்க வேண்டியதில்லை. சங்கத்தின் வழக்கறிஞர் ஒருவர் படித்துக் கன்னடத்திலோ தமிழிலோ சொன்னால் போதும். இலவசமாகக் கிடைப்பது தரம் குறைந்தது என்ற வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது: முன்வரைவில் உள்ள எண் மதிப்பீட்டுக்குப் பின் மாறக்கூடும். அதனால்தான், மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட கைப்பிரதியையே பொதுக் களஞ்சியத்தில் போட வேண்டும் என்கிறேன். இதற்கு ஆசிரியர் இதழுக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. பீன்யாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் இந்திய அறிவியல் கழகம் 2002-லேயே அப்படியொரு களஞ்சியத்தைத் தொடங்கிவிட்டது. (கட்டுரையைத் திறப்பது வேறு, தரவைத் திறப்பது வேறு. எந்த வரிசையில் யார் எத்தனை சட்டை தைத்தார் என்பது வெளியே போனால் அடி விழுவது தொழிலாளிக்குத்தான்.)

ஆகவே சக ஆய்வாளர்களே, இதழின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கைப்பிரதியைப் பொதுவில் வைக்கும் உரிமை உங்களிடம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.