எண்ணிக்கை தவறும் இடம்

பொறியியல் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் தன் ஒலிநாடாக்களை இரண்டு காலணிப் பெட்டிகளில் பிரித்து வைத்திருந்தான். ஒன்றின் மேல் ‘சைக்கடெலிக்’ என்றும், மற்றதன் மேல் ‘ப்ராக்ரஸிவ்’ என்றும் எழுதி ஒட்டியிருப்பான். பிங்க் ஃப்ளாய்ட் நாடாக்கள் மட்டும் அடிக்கடி பெட்டி மாறிக்கொண்டிருக்கும். காரணம் கேட்டால், “நேத்து ராத்திரி கேட்டப்போ வேற மாதிரி இருந்ததுடா” என்பான். அவனுடைய குழப்பத்தைப் பார்த்து அன்று சிரித்தேன். அந்தப் பதிலில் இருந்த நியாயம் எனக்குப் புலப்படப் பல வருடங்களும் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரமும் தேவைப்பட்டன.

‘சைக்கடெலிக்’ என்ற சொல்லை உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். 1956-இல் ஆல்டஸ் ஹக்ஸ்லியுடன் நடத்திய கடிதப் போக்குவரத்தில் அது பிறந்தது. மனத்தை வெளிப்படச் செய்வது என்பது அதன் கிரேக்க வேர்களின் பொருள். பத்து வருடங்கள் கழித்து, 1966-இல், டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரத்துக் குழுவான தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் தங்களுடைய முதல் இசைத்தொகுப்பின் தலைப்பிலேயே அதைச் சேர்த்துக்கொண்டது. ‘ப்ராக்ரஸிவ்’ என்பதை முற்போக்கு என்று பெயர்த்தால் நமக்கு இலக்கிய மாநாடுகளும் சிவப்புத் துண்டுகளும்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்தப் பொருள் இல்லை. மூன்று நிமிடப் பாடல் என்ற வடிவம் தங்களுக்குப் போதவில்லை என்று கருதியவர்களின் இசைக்கு அது பெயராயிற்று.

முன்னது போதைப்பொருளின் இசை, பின்னது பயிற்சியின் இசை என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் போதை என்பது பாடியவரைப் பற்றியோ கேட்டவரைப் பற்றியோ கிடைக்கிற தகவல் மட்டுமே. ஒலிக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. டிகிரி காப்பியைத் தாண்டி எதையும் அருந்தியறியாத என்னையும் அந்த இசை நள்ளிரவுகளில் எங்கோ கொண்டுபோய் விட்டிருக்கிறதே, அது எப்படி?

ஒலிக்குள்ளேயே தேடினால் கைக்குக் கிடைப்பது ஒரு மரப்பெட்டி. ஹாமண்ட் ஆர்கனுக்காக உருவான லெஸ்லி ஒலிபெருக்கி அது. உள்ளே கூம்பு ஒன்று சுழல்வதால் ஒலி நம்மை நோக்கி வந்து விலகி, மறுபடியும் வருகிறது. கடந்துபோகும் ரயிலின் ஊதல் சுருதி மாறுவதைப் போல, ஒரே ஸ்வரம் நின்ற இடத்திலேயே அலைபாய்கிறது. 1966-இல் பீட்டில்ஸின் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாடலுக்காக ஜான் லெனனின் குரலை இதற்குள் செலுத்தினார்கள். தம்பூராவின் ரீங்காரமும் சுற்றிச்சுற்றி ஓடும் ஒலிநாடாத் துண்டுகளும் பின்னணியாக அமைய, ஏறத்தாழ ஒரே கார்டில் நிற்கும் பாடல் அது. 1970-இல் பிளாக் சாபத்தின் ‘பிளானெட் காரவன்’ பாடலில் ஆஸி ஆஸ்பர்னின் குரலும் இதே பெட்டிக்குள்ளிருந்து வந்தது. மெட்டல் இசையின் மூலவர்களாகக் கருதப்படுகிறவர்கள் தங்கள் இரண்டாவது தொகுப்பிலேயே இப்படி மிதந்திருக்கிறார்கள். 1971-இல் பிங்க் ஃப்ளாய்டின் ‘எக்கோஸ்’ தொடங்குவதும் லெஸ்லி வழியாக வந்த ரிச்சர்ட் ரைட்டின் ஒற்றைப் பியானோ ஸ்வரத்தில்தான். நீர்த்துளி விழுவது போன்ற அந்த ஸ்வரத்துக்குப் பின் இருபத்துமூன்று நிமிடங்களுக்கும் மேலாகப் பாடல் நீள்கிறது. நீட்டிய சுருதி, எதிரொலி, மிதக்கும் குரல் ஆகியவற்றின் வேலை ஒன்றே. கேட்பவன் எங்கே இருக்கிறான், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை மறக்கச் செய்வது.

மற்றப் பெட்டியின் சமாச்சாரம் வேறு. கிங் கிரிம்சனின் முதல் தொகுப்பு 1969-இல் வந்தது. யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ 1972-இல் ஒரே பாடலை இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் நிறைத்தது. பகுதிகள், மாறுகிற தாளங்கள், முதலில் கேட்ட மெட்டு பிற்பாடு வேறு வேடத்தில் திரும்பி வருதல் என்று இங்கே எல்லாமே நினைவை நம்பியிருக்கின்றன. முன்பு கேட்டதை மறந்துவிட்டால் பின்பு வருவது விளங்காது.

2011 மார்ச் மாதத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் எட்டு இரவுகள் உட்கார்ந்திருந்தேன். சட்டைப்பையில் ஐபாட் இருந்தது. முதல் இரவில், பழகிய துணை என்று ‘எக்கோஸ்’ பாடலை ஓடவிட்டேன். ஆறு நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியவில்லை. சுவர்க் கடிகாரம் உண்டு, ஆனால் விடியல் இல்லை. விளக்குகள் அணைவதே இல்லை. காலம் ஏற்கெனவே கரைந்து கிடந்த இடத்தில் மேலும் கரைக்கிற இசை எனக்கு ஒரு நோய்க்குறி போலவே பட்டது. சிட் பாரெட்டின் நினைவு வந்தது. பிங்க் ஃப்ளாய்டின் முதல் தொகுப்பை வழிநடத்தியவர், 1968-இல் குழுவைவிட்டு விலக நேர்ந்தது. 1975 ஜூனில், அவரைப் பற்றிய பாடலையே நண்பர்கள் மெருகேற்றிக்கொண்டிருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் தலையும் புருவமும் மழித்த, பருத்த உருவத்துடன் அவர் வந்து நின்றபோது முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மிதப்பதை அழகு என்று சொல்கிறவர்கள் திரும்பிவரக் கரை உள்ளவர்கள் என்று அந்த நாற்காலியில் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது எண்ணுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. ‘மணி’ பாடலைப் போட்டேன். 1973-இல் பிங்க் ஃப்ளாய்ட் அமைத்த அந்தப் பாடல் ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. தகிட தகதிமி என்று விரல்கள் தாமாகவே தொடையில் தட்டின. அதற்கடுத்த இரவுகளில் கிங் கிரிம்சனின் ‘ஸ்டார்லெஸ்’ பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 1974-இல் குழுவைக் கலைப்பதாக ராபர்ட் ஃப்ரிப் அறிவித்த பிறகு வெளிவந்த ‘ரெட்’ தொகுப்பின் கடைசிப் பாடல் அது. மெலட்ரானின் துயரத்தோடு தொடங்கி, ஜான் வெட்டனின் குரல் ஓய்ந்ததும், பதின்மூன்று எண்ணிக்கை கொண்ட நீண்ட நடுப்பகுதி வருகிறது. கிட்டார் ஒரே ஸ்வரத்தை விடாமல் மீட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு சற்றே மேலேறி இன்னொரு ஸ்வரத்தில் நிற்கிறது. கீழே பாஸும் தாளவாத்தியங்களும் மெல்ல மெல்லப் பெருகுகின்றன. நான் ஆறும் ஏழுமாக எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது இரவென்று நினைக்கிறேன். எண்ணிக்கொண்டிருந்தவன் எந்தக் கணத்திலோ எண்ணுவதை விட்டிருந்தேன். ஆனால் தாளம் தவறவில்லை. தொடக்கத்தில் வந்த மெட்டு, எல்லாம் வெடித்துச் சிதறிய பிறகு மீண்டும் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். ஐந்து நாட்களில் முதல் அழுகை அது.

சைக்கடெலிக் இசை நம் எண்ணிக்கையைத் தவறவைக்கிறது. ப்ராக்ரஸிவ் இசை எண்ணவைக்கிறது. நான் அடைந்த வரையறை இவ்வளவே. ஆனால் இரண்டும் எதிரெதிர் முனைகள் அல்ல என்பதையும் அந்தப் பதின்மூன்று தட்டுகள் கற்றுத்தந்தன. ஒற்றை ஸ்வரம் முதல் பெட்டியைச் சேர்ந்தது. பதின்மூன்று இரண்டாவது பெட்டியைச் சேர்ந்தது. போதுமான அளவு எண்ணினால் எண்ணிக்கை தானே உதிர்கிற ஓர் இடம் வருகிறது.

மெட்டலில் இந்த இடம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஸ்வீடனின் மெஷூகா குழுவில் சிம்பல் நாலுநாலாக நடந்துகொண்டிருக்கும். கிட்டாரும் காலால் மிதிக்கும் பாஸ் டிரம்மும் வேறொரு நீளத்தில் சுற்றிச்சுற்றி வரும். எங்கே சந்திக்கும் என்று கணக்கிட்டுத் தோற்றபின் காது எதிர்ப்பை விட்டுவிடுகிறது. அதன் பிறகு அந்த இரைச்சலே தியானம் போலாகிறது. டூல் குழுவின் ‘லேட்டராலஸ்’, 2001-இல் வந்தது, பாடலின் அசைகளையே ஃபிபோனாச்சி எண்வரிசையில் அடுக்கியது. ஆனால் கேட்பவனுக்கு எஞ்சுவது சுருள் ஒன்றுக்குள் இறங்கும் உணர்வுதான்.

நீளமும் சிக்கலும் மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்தவர்களும் உண்டு. வேகமான விரல்கள், ஏழு, பதினொன்று என்று பட்டியல் போட்ட தாளங்கள், இருபது நிமிடம். முன்னேறுவது என்ற சொல்லை ஒரு சீருடையாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். 1981-இல் கிங் கிரிம்சனை மீண்டும் தொடங்கிய ஃப்ரிப், மெலட்ரானைக் கைவிட்டு, இரண்டு கிட்டார்கள் பின்னிப்பிரியும் முற்றிலும் வேறான இசையுடன் வந்தார். ஓபெத் 2011-இல் உறுமல் குரலை விட்டபோது கோபித்துக்கொண்ட ரசிகர்கள் எத்தனையோ பேர். 2024-இல் அது திரும்பியபோது அவர்களே கொண்டாடினார்கள். தன் ரசிகனின் பழக்கத்தை மீறத் துணிவதும் அந்தச் சொல்லின் பொருளில் சேர்ந்ததுதான்.

அப்பா பிழைத்தார். இடது கையும் காலும் பலவீனமாயின, பேச்சுக்குச் சேதமில்லை. வானொலிக் கச்சேரிக்குத் தொடையில் தாளம் போடுவது அவருடைய வாழ்நாள் பழக்கம். வீடு திரும்பிய சில வாரங்களுக்குப் பின் ஒரு மாலையில் அவர் காதில் ‘மணி’ பாடலை மாட்டிவிட்டேன். முகம் சுளித்தார். ஆனால் அரை நிமிடத்தில் வலது கை எழுந்தது. “மிஸ்ர சாபுடா இது” என்றார். சாக்ஸஃபோன் முடியும்வரை பிசகாமல் தட்டினார். பிறகு கிட்டார் தனியாவர்த்தனம் வந்தது. அங்கே பாடல் ஏழைவிட்டு நாலுக்கு மாறிவிடும். அவர் கை அந்தரத்தில் நின்றது. தொலைந்துபோன குழந்தையைத் தேடுகிறவர் போலக் கண்களை மூடிக்கொண்டார்.

“ஏன் மாத்திட்டான்?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. சற்று நேரத்தில் கை மறுபடி இறங்கியது. இம்முறை நாலுநாலாக, வேகமாக. அவர் உதட்டோரம் சிரிப்பு. அந்தக் கை நின்ற இடத்துக்கு எந்தப் பெட்டி பொருந்தும் என்று என் பழைய அறைத்தோழனைத்தான் கேட்க வேண்டும்.