நாலு பேரைக் கேட்டுப் போ

என் மகள் வயிற்றுப் பேத்தி, வருகின்ற விடுமுறையில் பாங்காக் நகருக்குத் தன்னந்தனியாகப் போய்வரப் போகிறாள். இருபத்தொரு வயது நிறைந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், ஆயினும் நாட்டின் எல்லையைத் தாண்டி இதுவரை தனியே எங்கும் சென்றதில்லை. செய்தியைக் கேட்ட நாள்முதல் என் மகளுக்கு உறக்கமில்லை. "நீங்கள் சொன்னால் கேட்பாள் அப்பா" என்று சொல்லி அவளை என்னிடம் அனுப்பி வைத்தாள். போக வேண்டாம் என்று நான் தடுப்பேன் என அவள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால், 1978-ஆம் ஆண்டில், இருபத்து நான்கு வயதில், அதே நகருக்குத் தனியே சென்று வந்தவன் நான். தடுக்கின்ற தகுதி எனக்கு ஏது?

அன்று என்னைத் தடுத்தவர் என் தாயார். "சயாமுக்கா?" என்று ஒரு சொல் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எங்கள் தோட்டத்தில் அந்தச் சொல்லை யாரும் உரத்துச் சொல்வதில்லை. சப்பானியர் ஆட்சியில், 1942, 43-ஆம் ஆண்டுகளில், இரயில்பாதை போடுவதற்கென்று அங்கே கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர்கள் எங்கள் லயத்திலும் இருந்தனர். அந்த அச்சத்தோடு ஒப்பிட்டால் என் மகளின் அச்சம் சிறிது. எனினும் பெற்றவளின் அச்சத்தைக் கேலி செய்யலாகாது. "நாள்தோறும் இரவில் அம்மாவுக்கு ஒரு வார்த்தை அனுப்பிவிடு, எந்த விடுதியில் இருக்கிறாய், மறுநாள் எங்கே போகிறாய் என்பது வீட்டில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்கட்டும்" என்று பேத்தியிடம் முதலில் சொன்னேன். அவளும் ஒப்புக்கொண்டாள்.

பயண ஏற்பாடுகளைப் பொறுத்தவரை நான் கற்பிக்க வேண்டியது மிகுதியாக இல்லை. என் காலத்தில் பட்டர்வொர்த்தில் ஏறினால் மறுநாள் பாங்காக்கில்தான் இறங்குவோம். அந்த நேரடி வண்டி இப்பொழுது இல்லை. ஈப்போவில் மின்ரயில் ஏறிப் பாடாங் பெசாரில் இறங்க வேண்டும். இரு நாட்டுக் குடிநுழைவு அலுவலகங்களும் அந்த ஒரே நிலையத்திற்குள் இருக்கின்றன. அங்கிருந்து மாலையில் புறப்படுகின்ற தாய்லாந்து வண்டி மறுநாள் காலையில் பாங்காக் சேரும். படுக்கையில் கீழ்த்தட்டு அகலமானது, கட்டணமும் சற்றுக் கூடுதல், கொடுக்கலாம், தவறில்லை. 2025-ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து, அந்நாட்டிற்குள் நுழைகின்ற அயல்நாட்டவர், வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது; கட்டணம் கேட்கின்ற தளம் எதுவாயினும் அது அரசாங்கத்தினுடையது அன்று. இவையெல்லாம் அவளுக்கே தெரிந்திருந்தன. தெரியாதிருந்தது கடிகாரம் ஒன்றுதான். தாய்லாந்து நேரம் நம் நேரத்திற்கு ஒரு மணி பின்தங்கியது. போகும்போது இதனால் நட்டமில்லை. நிலையத்தில் கூடுதலாகக் காத்திருக்க நேரும், அவ்வளவே. திரும்பும்போது தாய்லாந்துக் கடிகாரத்தை நம்பிப் பாடாங் பெசாரில் உட்கார்ந்திருந்தால், நம் வண்டி போய்விட்டிருக்கும். (நான் போன காலத்தில் வேறுபாடு அரை மணிதான். 1982-ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது.)

நான் அவளுக்குச் சொல்ல விரும்பிய செய்தி வேறு. அந்நகரில் பெரிய சாலையை விட்டு ஒரு சந்துக்குள் நுழைந்த மறுகணமே அவள் எழுத்தறியாதவள் ஆகிவிடுவாள். தமிழும் மலாயும் ஆங்கிலமும் படித்தவள், கடைப் பலகைக்கு முன்னே கைநாட்டாக நிற்பாள். தாய் எழுத்தும் நம் தென்னாட்டுப் பல்லவர் எழுத்தின் வழியில், கெமர் எழுத்து வாயிலாக வந்ததே. நம் கொம்பைப் போல எழுத்துக்கு முன்னே நிற்கின்ற உயிர்க்குறிகளும் அதில் உண்டு. உறவு அத்தனை நெருக்கம், படிக்கத்தான் வராது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளியும் விடமாட்டார்கள்.

அந்த நிலைமை எனக்கு ஒரு மாலைப் பொழுதில் நேர்ந்தது. நான் தங்கியிருந்த விடுதி, 1916-இல் திறக்கப்பட்ட ஹுவா லம்போங் இரயில் நிலையத்திற்கு அருகில் ஒரு சந்தில் இருந்தது. (நெடுந்தூர வண்டிகளுள் பெரும்பாலானவை 2023 சனவரியில் குருங் தேப் அபிவாட் என்னும் புதிய நிலையத்திற்கு மாறிவிட்டன.) விடுதியின் பெயரை மனத்தில் வைத்திருந்தேனேயன்றி, தாளில் எழுதி வாங்கவில்லை. பிற்பகலில் பேருந்தேறி மாபெரும் ஊஞ்சலைப் பார்க்கச் சென்றேன். 1784-இல் நிறுவப்பட்டது, செந்நிறத் தூண்கள் வானளாவ நிற்கும், ஊஞ்சலாடும் சடங்கு 1935-இல் நின்றுவிட்டது. அருகிலுள்ள பிராமணர் கோயிலில் திருவெம்பாவை ஓதுகின்ற மரபு உண்டு என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பெருமிதம் தலைக்கேறி, இது நம்முடைய ஊர் என்பது போன்ற நடையோடு சந்து சந்தாகச் சுற்றினேன். நம்மவர் பலருக்கு அயல்நாட்டில் இந்நோய் பிடிப்பதுண்டு. இருட்டிய பிறகுதான், வந்த வழி எது என்பதே எனக்குத் தெரியவில்லை என்பது உறைத்தது.

ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, அங்கிருந்த பலகையைப் படிப்பவன் போல வெகுநேரம் நடித்தேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும். பக்கத்தில் ஆள்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவரையும் கேட்கவில்லை. ஆசிரியன் அல்லவா! எழுத்தைக் கற்பிக்கிறவன், எழுத்துத் தெரியாது என்று முன்பின் தெரியாதவர்களிடம் எப்படி ஒப்புக்கொள்வது? அந்த நேரத்தில் என் பாட்டியின் முகம் நினைவுக்கு வந்தது.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டியவர். எந்த மொழியிலும் ஓர் எழுத்தும் அறியாதவர். ஆயினும் ஈப்போ, தைப்பிங், பினாங்கு என்று எங்கும் தனியே போய்வருவார். பேருந்துகளை வண்ணத்தாலும் ஓட்டுநர் முகத்தாலும் அடையாளம் வைத்துக்கொள்வார். புறப்படுமுன் கட்டாயம் நாலு பேரைக் கேட்பார். "ஒருத்தன் தெரியாமச் சொல்லுவான், ஒருத்தன் வெளையாட்டாச் சொல்லுவான், நாலு பேரும் ஒரே பக்கம் கையக் காட்டுனா ஏறிடலாம்" என்பது அவருடைய கணக்கு.

1967-ஆம் ஆண்டில், எனக்குப் பதின்மூன்று வயது நடக்கையில், ஈப்போ மருத்துவமனையில் உறவினர் ஒருவரைப் பார்த்துவிட்டு இருவரும் பேருந்து நிலையத்திற்கு வந்தோம். பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் நான் அப்பொழுதுதான் சேர்ந்திருந்தேன். பலகையில் ஊர்ப்பெயர் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் பாட்டி தொடங்கிவிட்டார். "இனி பாஸ் பெர்கி சுங்கை சிப்புட்கா?" என்று தம்முடைய உரத்த குரலில் ஒரு சீனரிடம் கேட்டார், பிறகு ஒரு மலாய்க்காரரிடம், பிறகு வேறொருவரிடம். சற்றுத் தள்ளி என் வகுப்பு மாணவர்கள் இருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். நான் மெல்ல நழுவி ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பாட்டி திரும்பி என்னைத் தேடியதையும், தூணுக்குப் பின்னே என்னைக் கண்டதையும், அந்த மாணவர்களைக் கண்டதையும் நான் பார்த்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. தாமே ஏறி முன்னிருக்கையில் அமர்ந்தார். நான் பின்னால் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். நடத்துநர் வந்தபோது பாட்டி இரண்டு பேருக்குக் காசு கொடுத்து, விரலால் என்னைச் சுட்டி, "புடாக் இத்து" என்றார். அந்தப் பையனுக்கு என்று பொருள். பேரன் என்பதற்கு மலாயில் என்ன சொல்வது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

வீட்டிற்கு வந்த பிறகும் அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பசியாறச் சொன்னார். அவ்வளவுதான். 1975-இல் காலமானார்.

பாங்காக் பேருந்து நிறுத்தத்தில் இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு நின்றவன், கடைசியில் வாயைத் திறந்தேன். முதலில் ஆங்கிலத்தில் ஒரு மாணவனைக் கேட்டேன்; கூச்சத்தோடு தலையசைத்துவிட்டு நகர்ந்துவிட்டான். இரண்டாமவர் இடப்பக்கம் கையைக் காட்டினார். மூன்றாமவர் வலப்பக்கம். மூலையில் ஒரு மூதாட்டி மல்லிகை மாலைகளைத் தட்டில் அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார். அவர் முன்னே குந்தி, "ஹுவா லம்போங்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அம்மொழியில் ஐந்து ஓசைநிலைகள் உண்டு. ஓசை மாறினால் சொல்லே மாறிவிடும். ஏற்றியும் இறக்கியும் மூன்று நான்கு விதமாகப் பாடிப் பார்த்தேன். பலிக்கவில்லை. பிறகு வெட்கத்தை விட்டுவிட்டு, கைகளைச் சக்கரம்போல் சுழற்றி, இரயில் கூவுவதுபோல் கூவினேன். மூதாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த கடைக்காரரையும் கூப்பிட்டு என்னை மறுபடி கூவச் சொன்னார். கூவினேன். இருவரும் ஒரே பக்கம் கையைக் காட்டினர். அவரே என்னைச் சாலைக்கு அப்பால் அழைத்துச் சென்று ஒரு பேருந்தில் ஏற்றி, நடத்துநர்ப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். காசும் சீட்டும் வைத்திருக்கும் தகர உருளையைக் கடகடவென்று தட்டிக்கொண்டிருந்த அப்பெண், நிலையம் வந்ததும் என் தோளைத் தொட்டு இறக்கிவிட்டாள். நிலையத்தைக் கண்டதும் விடுதிக்கு வழி தெரிந்துவிட்டது. பூக்காரருக்கு நான் ஒரு மாலைக்கேனும் காசு கொடுத்திருக்கலாம். அந்த எண்ணம் பேருந்து புறப்பட்ட பிறகே வந்தது.

இக்கதையைப் பேத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். பேருந்து நிலையத்துப் பகுதி வந்தபோது சிரிப்பை நிறுத்தினாள். பின்னர், "இப்போது அதெல்லாம் தேவையில்லை தாத்தா" என்று கைப்பேசியைக் காட்டினாள். எழுத்தின்மேல் பிடித்தால் அதுவே மொழிபெயர்த்துத் தருமாம்; வழியும் சொல்லுமாம். உண்மைதான், மறுப்பதற்கில்லை. மழையில் நனைந்தாலோ மின்கலம் தீர்ந்தாலோ என்ன செய்வாய் என்று கேட்டேன். விடையில்லை.

ஆகவே கேட்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். ஓரிடத்தில் உட்கார்ந்து தொழில் செய்கிறவர்களை, கடைக்காரர்களை, பூக்காரர்களைக் கேள். அவர்கள் நாளைக்கும் அங்கேயே இருக்க வேண்டியவர்கள். நீ கேட்காமல் தாமாக வந்து வழி சொல்கிறவர்களிடம் விலகி நில். அரண்மனை வாயிலருகே நல்லுடை உடுத்த ஒருவர் வந்து, இன்று அரண்மனை மூடியிருக்கிறது என்று கனிவோடு சொல்லி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, இரத்தினக்கல் கடைக்குக் கொண்டுபோகும் ஏமாற்று அந்நகரில் பல ஆண்டுகளாக நடந்து வருவது. வாயில் வரை நடந்துபோய் நீயே பார்த்துக்கொள். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொது இடங்களில் நாட்டுப்பண் ஒலிக்கும். எல்லாரும் நின்றால் நீயும் நில். புத்த பிக்குகளைப் பெண்கள் தொடுவதில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்காராதே. சந்துகளின் எண்களில் ஒற்றைப்படை சாலையின் ஒரு பக்கமும் இரட்டைப்படை மறுபக்கமும் இருக்கும்; எழுத்துத் தெரியாதவருக்கு அந்த எண்களே பெருந்துணை.

கடைசியாக, அவள் தங்கப்போகும் விடுதியின் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்தில் எடுத்துக் காட்டச் சொன்னேன். கைப்பேசித் திரையைப் பார்த்து ஓர் அட்டையில் படியெடுத்தேன். எழுதினேன் என்று சொல்ல இயலாது. வரைந்தேன் என்பதே பொருந்தும். முதல் வகுப்புப் பிள்ளைபோல் நாக்கைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் வரைந்தேன். பேத்தி கைப்பேசியை அதன்மேல் பிடித்துச் சோதித்தாள். ஓர் எழுத்தில் சுழியைத் தவறவிட்டிருந்தேனாம். திருத்தினேன். இப்போது சரியாகப் படிக்கிறது என்று சொல்லி, அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு, அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது அதை அவளுடைய பையின் பக்கவாட்டு அறையில், கடப்பிதழுக்குப் பின்னால் செருகி வைத்தேன்.