ஒரு பக்கம் மட்டும் எர்த்!

உங்கள் வீட்டு டி.வி.க்குப் பின்னால் வரும் கேபிளை எப்போதாவது உரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் செம்பு நிறத்தில் ஒற்றைக் கம்பி. சுற்றிலும் வெள்ளை இன்சுலேஷன். அதற்கு மேல் சல்லடை போலப் பின்னிய உலோக உறை. வெளியே ஆயிரம் மோட்டார் இரைந்தாலும் உள்ளே ஓடும் சிக்னலைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரன் அந்தப் பின்னல்தான். கோ-ஆக்ஸியல் கேபிள் என்பார்கள்.

1990களில் இதன் பங்காளிகள் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தார்கள். பாய்லர் சூடு, மோட்டார் வேகம், தொட்டியின் மட்டம் எல்லாவற்றையும் கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர. இன்றைக்குப் புது ஆலைகளில் கண்ணாடி இழை வந்துவிட்டது. பழைய ஆலைகளில் அந்தக் கறுப்பு கேபிள் இன்னும் உழைக்கிறது.

தர்மபுரி மாவட்டத்தில் அப்படி ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாமே! பெரிய மோட்டார் ஓடத் தொடங்கினால் கம்ப்யூட்டர் திரை அப்படியே உறைந்துவிடும். கம்ப்யூட்டரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள். ம்ஹூம்! கடைசியில் நோயைப் பிடித்தவர் அங்கிருந்த எலெக்ட்ரீஷியன். ஐம்பதைத் தாண்டியவர்.

''ரெண்டு முனையிலயும் எர்த் கட்டி வெச்சிருக்காங்க சார். அதான் வினை!''

''ரெண்டு பக்கமும் கட்டினா இன்னும் பாதுகாப்புதானேண்ணே?''

''பாய்லர் பக்கம் இருக்கற எர்த்தும் ஆபீஸ் பக்கம் இருக்கற எர்த்தும் ஒண்ணு இல்லீங்க சார்.''

பெரிய மோட்டார்களின் கசிவு மின்சாரம் இறங்கும் இடத்தில், மண்ணின் மின்னழுத்தம் சில வோல்ட் ஏறிவிடுகிறது. இன்னொரு முனையில் அப்படி இல்லை. நடுவில் கேபிளின் பின்னலைக் கட்டினால்? மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வாய்க்கால் வெட்டியது போலத்தான். காவல்காரன் வழியாகவே திருடன் வருகிறான்!

அதனால்தான் அந்தக் கால மெல்லிய ஈதர்நெட் கேபிளுக்குக் கறாரான விதிகள். ஒரு துண்டு 185 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் வேண்டும். எர்த் மட்டும் ஒரே இடத்தில். வழியில் உள்ள இணைப்புகளின் உலோகம் எந்த இரும்பிலும் உரசக் கூடாது. பார்க்க ஒன்றுபோல் இருக்கிறதே என்று 75 ஓம் டி.வி. கேபிளை நடுவில் ஒட்டுப் போட்டால், சிக்னல் அந்த ஒட்டில் மோதித் திரும்பும்.

நான் பி.காம். எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரட்டைப் பதிவு. இங்கே ஒற்றைப் பதிவுதான் சரியாம்!

தர்மபுரியில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். காரணம், பாறை. கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடைக் கரைத்து ஊர் ஊராகப் பல்லைக் கறையாக்கியதே, 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவர வைத்ததே... அதே பாறை. காய்ந்த பாறை மின்சாரத்தை லேசில் வாங்கிக்கொள்ளாது. அதற்காகத்தான் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, மேலே புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது. கோடையில் ஈரம் போனால் குழி இருந்தும் இல்லாத மாதிரி.

இதைப் பாதி கேட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். ஒரே பக்கம் என்பது கேபிளின் பின்னலுக்கு மட்டும். இயந்திரத்தின் உடம்புக்கு எர்த் எப்போதும் இருந்தாக வேண்டும். இரைச்சல் போகிறதே என்று சிலர் அந்தப் பச்சை வயரையும் கழற்றிவிடுகிறார்கள். திரை சரியாகிவிடலாம். ஆனால் என்றைக்காவது உள்ளே வயர் உரிந்து இரும்பில் பட்டால், ஃபியூஸ் போகாது. அடுத்து தொடுகிற மனிதரின் கைதான் எர்த்.

அந்த ஆலையிலும் ஒரு பேனலில் பச்சை வயர் டேப் சுற்றி ஒதுங்கிக் கிடந்தது. யார் கழற்றியது என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் முதலில் அதைத்தான் மாட்டினார். பிறகே பாய்லர் பக்கம் போய் கேபிளின் எர்த்தைக் கழற்றினார். அன்று மாலை மோட்டார் ஓடியது. திரை உறையவில்லை.

''எர்த் குழிக்குத் தண்ணி ஊத்த ஆள் இருக்காங்களாண்ணே?''

''குடிக்கறதுக்கே இங்க லாரியில வருது. நான்தான் டிபன் பாக்ஸ் கழுவற தண்ணிய தினம் கொண்டுபோய் ஊத்தறேன் சார்'' என்றார்.