யாருக்கு வக்கீல்?

ஆமத்தூர், மார்ச் 4

பாகப்பிரிவினை வழக்குக்கு மறுபடியும் வாய்தா வாங்கிக்கொண்டு விருதுநகர்க் கோர்ட்டிலிருந்து திரும்பிய நம்மூர்க்காரர் ஒருவர், நகக்கண்ணில் ஏறிய அலுமினியத் தூள் எந்தச் சோப்புக்கும் மசியாத பட்டாசுத் தொழிலாளி, சிவகாசி பஸ்ஸில் என்னருகே அமர்ந்து, "அண்ணாச்சி, எம்மெல்லே ஆன பிறகும் கறுப்புக் கோட்டு போடலாமா? அங்கதான் சம்பளம் குடுக்காகளே!" என்று வினவினார். முழுநேரச் சம்பள உத்தியோகத்தில் இருப்பவர் வழக்காடலாகாது என்பது பார் கவுன்சிலின் 49-ஆவது விதியென்றும், சட்டமன்ற உறுப்பினர் அத்தகைய ஊழியரல்லர் என்று 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டதென்றும் சொன்னேன். "அப்ப அவரு யாருக்கு வக்கீலு?" என்றார். பஸ் ஆமத்தூர் விலக்கில் நின்றுவிட்டது; நல்லவேளை!

மார்ச் 5

பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் 1938-இல் மதுரையில் காலமான தினம் இன்று. செங்கன்னூரில் 1887-இல் பிறந்து, எடின்பரோவில் தத்துவமும் லண்டனில் சட்டமும் பயின்று, மதுரையில் பிரக்யாதியோடு நடந்துகொண்டிருந்த வக்கீல் தொழிலை ஒத்துழையாமைக் காலத்தில் உதறி, பின்னர் மீண்டும் அதற்கே வந்த அந்த மனிதர், சட்டசபை ஆசனத்தை அடைந்தது 1937-இல்தான். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி மூன்றும் சேர்ந்த தொகுதியிலிருந்து மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். ஆமத்தூர் அன்று ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்ததாகையால் நமக்கும் அவரே பிரதிநிதி. ஒரு வருஷம்கூட நிறையவில்லை. ஐம்பத்தோராவது வயதில் ஆயுள் முடிந்தது.

ஆண்டுக் கணக்கால் அரசியல்வாதியை அளக்கும் நம் வழக்கப்படி பார்த்தால் இதை அற்ப சேவை என்றே சொல்ல வேண்டும். ஆனால் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பேரில் ஒரு சாதியில் பிறந்த ஆண்மக்கள் அனைவரிடமும் கைரேகை வாங்கி, இரவில் போலீஸாரின் கண்காணிப்பில் கிடக்கச் செய்து, ஊரைவிட்டு ஊர் போவதற்கு ராதாரிச் சீட்டு கேட்ட அக்காலத்தில், கள்ளர் சமூகத்தாருக்காகக் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் வாதாடியவர் அவர். கோட்டில் ரோஜாப்பூச் செருகிக்கொள்ளும் பழக்கத்தால் அந்த ஜனங்கள் வைத்த "ரோசாப்பூ துரை" என்ற பெயருக்கு முன்னால், எந்தச் சபையின் பட்டமும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

மார்ச் 6

நேற்று எழுத விட்டுப்போனது, விருதுநகர்க்காரனுக்கு முக்கியமானது. 1933-இல் விருதுநகர் வெடிகுண்டுச் சதி வழக்கில் காமராஜரைச் சேர்த்தபோது, வரதராஜுலு நாயுடுவோடு நின்று அந்தக் குற்றச்சாட்டு ஆதாரமற்றதென்று நிலைநாட்டியவரும் ஜோசப்தான். அப்படி மீண்டவர் 1937-இல் போட்டியின்றிச் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார், 1954-இல் முதலமைச்சரானார், சட்டக் கல்லூரி வாசலை அவர் மிதித்ததில்லை. ஆகவே வக்கீல்தான் சிறந்த சட்டமன்ற உறுப்பினராவார் என்ற வாதம் எங்கள் ஜில்லாவில் செல்லாது. நான் அதைச் சொல்லவும் வரவில்லை. கட்சிக்காரனுக்குக் கேட்கும் நிவாரணம் ஒரு தீர்ப்போடு முடிந்துவிடும். அவனைப்போல் ஆயிரம் பேரை உண்டாக்கும் சட்டத்தையே எதிர்க்கத் துணிகிறவன், பீஸ் கொடுக்க வழியில்லாதவனுக்கும், இன்னும் பிறவாதவனுக்கும் சேர்த்தே வக்காலத்து வாங்குகிறான். பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு என்னிடமுள்ள பதில் இவ்வளவே. ஜோசப் எதிர்த்த அந்தச் சட்டத்தை ரத்து செய்ததென்னவோ, 1947-இல், அவர் ஒருநாளும் உறுப்பினராக இருந்திராத சென்னைச் சட்டசபை.