சுடுகாட்டு மல்லியின் ஊர்

போன கோடையில் என் வீட்டு வாசலில் மூன்று பட்டன் ரோஸ் தொட்டிகள் அடுத்தடுத்துக் காய்ந்துபோயின. "கண்ணை மூடிட்டு வைங்க சார், கண்டிப்பா வரும்" என்று நர்சரியில் சொல்லிக் கொடுத்தவை. அதே வாசலில், படிக்கட்டுக்கும் சுவருக்கும் நடுவே சிமெண்ட் விரிசலில், யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாத நித்தியகல்யாணி ஒன்று சித்திரை வெயிலில் பதினோரு பூவோடு நின்றது. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வைத்தது யார்? வீட்டில் யாரும் வைக்கவில்லை. அப்பத்தாவிடம் கேட்டேன். "பிடுங்கிப் போடுடா! சுடுகாட்டு மல்லி அது. வாசல்ல வைக்கிற செடியா?" என்றாள். அவள் ஊரில் மயானத்தை ஒட்டித்தான் அது கிடக்குமாம். ஆடு வாய் வைக்காது, இலை அத்தனை கசப்பு. பார்க்க ஆளில்லாமல் வருஷம் முழுக்கப் பூக்கிற செடிக்கு அந்த இடம் தோதாகத்தான் இருந்திருக்கும்.

இலைக் கக்கத்தில் ஜோடி ஜோடியாக மெல்லிய காய்கள் நின்றன. முற்றியதை நகத்தால் கீறினால் உள்ளே கருப்பு விதை, கடுகைவிடச் சன்னம். எறும்பு இழுக்கும், மழைத்தண்ணீர் அடித்துப்போகும். விரிசலுக்கு வந்த வழி புரிந்துவிட்டது. செடியின் சொந்த ஊர்?

இந்த மண்ணின் செடி என்றே நம்பியிருந்தேன். தேடினால், அதன் தாய்வீடு மடகாஸ்கர் தீவு. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அரசுத் தோட்டத்திலிருந்து விதை லண்டனுக்குப் போய், செல்சி மருந்துத் தோட்டத்தில் தோட்டக்காரர் பிலிப் மில்லர் கையில் முளைத்திருக்கிறது. 1759இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு வின்கா ரோசியா என்று பெயர் வைத்தார். தாவரவியலார் பிறகு பெயரை மாற்றிவிட்டார்கள். நர்சரிக்காரர்கள் மாற்றவில்லை, இன்றும் 'வின்கா'தான்.

ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பது வழக்கம். அந்த இலை 1950களில் கனடாவுக்கு வந்துசேர, ஆய்வாளர் ராபர்ட் நோபல் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை, ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்தன. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அவரும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கியமான மருந்து.

அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, இருந்துட்டுப் போகட்டும். நேர் வாசல்ல வேண்டாம், பக்கத்துல தள்ளி வை."

விதை எடுத்து, காலியான ரோஜாத் தொட்டிகளில் போட்டேன். ஒன்றுக்கு மட்டும் பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினேன். வேர் அழுகிச் செத்தது. மற்ற இரண்டும் பூத்துக்கொண்டிருக்கின்றன. நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் இருந்தால் தைரியமாக வையுங்கள். சர்க்கரைக்கு நல்லதென்று யாராவது சொன்னார்கள் என்று இலையை மட்டும் மென்றுவிடாதீர்கள், அது நஞ்சு.