ஓடாவி மீது விழுந்த பழி

காயல்பட்டினம் கொம்புத்துறைக் கரையில் பாட்டனாரின் வள்ளத்தை உடைத்த நாள் நமது நினைவில் இருக்கிறது. வெளிப்பார்வைக்குப் பலகைகள் முழுமையாகவே இருந்தன. கோடரி விழுந்ததும் உள்ளே தேன்கூடு போலத் துளைகள் தெரிந்தன; ஒவ்வொரு துளையின் சுவரிலும் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. அயினி என்று சொல்லி மட்டமான மரத்தை வைத்துவிட்டார் என்று வள்ளம் கட்டிய ஓடாவியைப் பாட்டனார் பழித்தார். பிறகு இறக்கும்வரை அவரோடு பேசவே இல்லை.

துளைத்தது கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது இரட்டை ஓடுடைய சிப்பியினம். 1961-இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்புக்குச் சென்றவர் பாட்டனார். அவர் வள்ளத்தை முத்துச்சிப்பியின் தூரத்து உறவே தின்றிருக்கிறது!

அதுவும் தனியாகத் தின்னவில்லை என்பதை அண்மையில்தான் படித்தறிந்தோம். கப்பல் புழுவின் செவுளில், உயிரணுக்களுக்குள்ளேயே பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு 2002-இல் டெரெடினிபாக்டர் டர்னரே எனப் பெயரிட்டனர். மரத்தைச் செரிக்கும் நொதிகள் பலவற்றை இவையே உண்டாக்குகின்றன. செவுளில் உருவாகும் நொதிகள் குடலைச் சென்றடைவதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. மரத்தில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. அக்குறையையும் இக்குடியிருப்போரே தீர்க்கின்றனர். விருந்தினர் சமைக்க, வீட்டுக்காரர் உண்ணும் வீடு அது.

இப்படியொரு கூட்டணிக்கு முன் அயினி என்ன, தேக்கு என்ன? வள்ளத்தைக் கரையேற்றி நன்றாகக் காயவைப்பதே முன்னோர் கண்ட காப்பு. ஈரமின்றிப் புழு மடியும். அவ்வாண்டு பாட்டனார் நோயுற்றுக் கிடந்தார். வள்ளம் மாதக்கணக்கில் நீரிலேயே நின்றது. வீட்டில் எவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பழி சுமக்க ஓடாவி இருந்தார்.

சென்ற மாதம் அவருடைய மகனைத் தேடிச் சென்று இதையெல்லாம் சொன்னோம். நொதி, பாக்டீரியா என்று நாம் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு உள்ளே சென்று ஒரு சாண் நீள மரத்துண்டோடு திரும்பினார்.

"அந்த வள்ளத்துக்கு அறுத்த மரந்தான் சார் இது. அயினிதான்னு காட்டணும்னு அப்பா சாவுற வரைக்கும் பத்திரமா வச்சிருந்தாவ. உங்க வீட்லருந்து யாரும் வரல."

துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தோம். அயினிதான்.